ரிமோட்டின் எண்களைக் கையேட்டில் அச்சிடுங்கள்: சாதனம் செய்யும் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

டிவி, ஏசி, ஃபேன், ஹோம் தியேட்டர் என்று ரிமோட் வைத்து இயங்கும் எதையாவது செய்து விற்கும் கம்பெனிகளில், பெட்டிக்குள் வைக்கும் கையேட்டில் எது வர வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் எழுதியதை நிறையவே படித்திருக்கிறேன். டிவியை ஈரமான இடத்தில் வைக்காதீர்கள் என்று பல மொழிகளில் சொல்லியிருக்கிறீர்கள். சுவரில் மாட்டும் திருகுகளுக்கு இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் என்ன எண் வெளியே போகிறது என்பதை மட்டும் எங்கேயும் காணோம். அந்த ஒரு பக்கம்தான் எனக்கு வேண்டும்.

எதற்கு என்று கேட்பீர்கள். அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. டிவியோடு வந்த ரிமோட்டில் 46 பட்டன்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. அவருக்கு வேண்டியது நாலே நாலு: போட, அணைக்க, சத்தம் கூட்ட, குறைக்க. தட்டுத் தடுமாறி அவர் அழுத்துவது பெரும்பாலும் இன்புட் மாற்றும் பட்டனாகத்தான் இருக்கும், உடனே நீலத் திரை வரும், "டிவி போச்சு" என்று கூப்பிடுவார். சரி, ஒரு மரப்பெட்டியில் நாலு பெரிய பட்டன் வைத்து, அதை வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியோடு இணைத்து, கணினியே ஒரு அகச்சிவப்பு எல்இடி வழியாக டிவியிடம் பேசட்டும் என்று இறங்கினேன். பேச வேண்டுமானால் முதலில் அந்தப் பாஷை தெரிய வேண்டுமே.

தொடங்கியது கணினியின் சவுண்ட் கார்டில். மூன்று கால் வைத்த கறுப்பு ரிசீவர் ஒன்று இருக்கிறது, டிஎஸ்ஓபி வகை என்பார்கள், பழுதான டிவி போர்டிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வைத்திருந்தேன். வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது, அந்தக் கூட்டத்தில் தன் குரல் தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் ரிமோட் தன் ஒளியை நொடிக்கு 38,000 தடவை போட்டுப் போட்டு அணைக்கிறது. ரிசீவர் அந்தத் துடிப்பை மட்டும் பொறுக்கி எடுத்து, இருக்கிறது, இல்லை என்று இரண்டே நிலையாக வெளியே தரும். சிக்னல் இல்லாதபோது 5 வோல்ட், வந்தால் பூஜ்யம். இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைத்து லைன்-இன் துளையில் செருகி, ஏதோ பாட்டைப் பதிவு செய்வது போல நொடிக்கு 44,100 மாதிரிகள் (சாம்பிள், அதாவது நொடிக்கு அத்தனை தடவை அளவெடுப்பது) என்று பதிவு செய்தேன்.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தால், பல் உடைந்த சீப்பு போல ஒரு படம். முதலில் கிட்டத்தட்ட 397 மாதிரி நீளத்துக்கு ஒரு துடிப்பு, அதாவது 9 மில்லிவினாடி. பிறகு அதில் பாதி அளவு அமைதி. அதன் பிறகு வரும் துடிப்பு எல்லாம் 25 மாதிரி அளவில் ஒன்று போல இருக்கின்றன, நடுவில் உள்ள இடைவெளிதான் வேறுபடுகிறது: ஒன்று 25, இல்லையென்றால் 74. குட்டி இடைவெளி என்றால் 0, நீண்ட இடைவெளி என்றால் 1. இப்படி ஒரு 0 அல்லது 1-ஐ ஒரு பிட் என்பார்கள், எண்ணிப் பார்த்தால் 32 பிட். என்இசி என்று எல்லோரும் சொல்லும் முறை இதுதான். முதல் எட்டு பிட் சாதனத்தின் முகவரி, அடுத்த எட்டு அதே முகவரியைத் தலைகீழாக்கியது (0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0), அப்புறம் கட்டளை எட்டு, அதன் தலைகீழ் எட்டு. சொன்னதையே மாற்றிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ள இந்த ஏற்பாடு. இதனால் எந்தப் பட்டனை அழுத்தினாலும் பதினாறு 0, பதினாறு 1 என்றே வரும், மொத்த நேரமும் எப்போதும் 67.5 மில்லிவினாடியாகவே நிற்கும். இதைக் கண்டுபிடித்த இரவு தூக்கம் வரவில்லை, எழுந்து எழுந்து வந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்திக் கூட்டிப் பார்த்தேன், எல்லாம் பதினாறுதான்.

சவுண்ட் கார்டில் ஒரு தொல்லை உண்டு, இந்த வழியில் போக நினைப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருப்பதால் ஒரே நிலையில் நிற்கும் வோல்டேஜை அது விடாது, அந்த 9 மில்லிவினாடித் துடிப்பு போகப் போகச் சரிந்துவிடும். ஆகவே உயரத்தை நம்பாமல், கோடு ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் மட்டும் அளக்க வேண்டும். ரிசீவரும் துடிப்பைக் கொஞ்சம் நீட்டி இடைவெளியைக் கொஞ்சம் சுருக்கித்தான் தரும், கால் பங்கு விட்டுக்கொடுத்துப் பார்த்தால் சரியாக வரும். இதே வேலையை லினக்ஸில் எல்ஐஆர்சி என்ற மென்பொருள் பல வருடங்களாகச் செய்து வருகிறது. அந்தக் காலத்தில் அதற்கு ரிசீவரைப் பழைய கணினிகளின் பின்னால் இருக்கும் சீரியல் போர்ட் என்ற இணைப்பின் முதல் பின்னில் இணைப்பார்கள். இப்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே என்இசி, ஆர்சி-5, சோனி முறைகளுக்கெல்லாம் துடிப்பை எண்ணாக மாற்றும் டிகோடர் இருக்கிறது.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் அச்சிடாமல் வைத்திருப்பது ரகசியம் இல்லை. ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் அறை முழுக்க உரக்கச் சொல்லப்படுகிற எண் அது. ஒரு ரிசீவரும் ஒரு மாலை நேரமும் இருந்தால் யாரும் படித்துவிடலாம். அப்படியானால் ஏன் இந்த மடல் என்று நீங்கள் கேட்கலாம். ரிமோட்டில் இல்லாத எண்களை இப்படிப் படிக்க முடியாது, அதுதான் விஷயம்.

பவர் பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டில் இருப்பது ஒரே பட்டன், அணைந்திருந்தால் போடும், ஓடினால் அணைக்கும். கையில் பிடித்து டிவியைப் பார்த்துக்கொண்டே அழுத்துகிறவருக்கு அது போதும். கணினிக்குக் கண் இல்லையே. பெட்டியில் "போடு" என்ற பட்டனை அம்மா அழுத்தினார், டிவி போட்டுக்கொள்ள நாலைந்து நொடி எடுத்தது, வரவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தினார், அணைந்துவிட்டது. மூன்றாவது தடவை அழுத்தினார். அன்று மதியம் முழுக்க இதே கதை. போடுவதற்குத் தனி எண், அணைப்பதற்குத் தனி எண் என்று பல டிவிகளில் இருக்கிறது, உங்கள் பொறியாளர்கள் உள்ளே வைத்திருக்கிறார்கள், ரிமோட்டில் மட்டும் அதற்குப் பட்டன் கிடையாது.

கட்டளைக்கு எட்டு பிட் என்றால் மொத்தம் 256 எண்கள்தானே, ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். மூன்று நொடிக்கு ஒன்று என்று கணினி அனுப்ப அனுப்ப, நான் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக. பாதிக்கு மேல் எந்த அசைவும் இல்லை. திடீரென்று வெள்ளை எழுத்தில் தலைப்பே புரியாத ஒரு பட்டியல் திரையில் விரிந்தது, நான் நிறுத்துவதற்குள் அடுத்த இரண்டு எண்களும் போய்விட்டன, அதில் ஒன்று அந்தப் பட்டியலுக்குள் எதையோ மாற்றிவிட்டது. அதன் பிறகு சத்தம் ஒரு அளவுக்கு மேல் ஏறவில்லை. சர்வீஸ் ஆட்கள் பயன்படுத்தும் மெனுவாம் அது. பழையபடி ஆக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. இருந்தாலும் தேடிய இரண்டு எண்களும் கிடைத்தன. போடுவதற்கு ஒன்று, அணைப்பதற்கு ஒன்று, அடுத்தடுத்த எண்கள். கையேட்டில் இரண்டு வரி.

ஆர்சி-5 முறையில் வேறொரு விளையாட்டு. பிலிப்ஸ் கொண்டுவந்த இந்த முறையில் துடிப்பு 36 கிலோஹெர்ட்ஸ், மொத்தம் 14 பிட்தான், அதில் ஒரு பிட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும், விடாமல் பிடித்திருக்கிறாரா, விட்டு மறுபடி அழுத்தினாரா என்று சாதனம் தெரிந்துகொள்ள. இது தெரியாமல் ஒரே பதிவைத் திருப்பித் திருப்பி அனுப்பிவிட்டு, முதல் தடவை மட்டும் வேலை செய்கிறதே, ரிசீவர் கெட்டுவிட்டதோ என்று பழைய ஆம்ப்ளிஃபயரைக் கழற்றியவன் நான். "ஆர்சி-5" என்று ஒரு சொல் அச்சிட்டிருந்தால் திருகைத் தொட்டிருக்க மாட்டேன்.

இனி ஏசி. இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம். டிவி ரிமோட் அனுப்புவது ஒரு கட்டளை. ஏசி ரிமோட் ஒவ்வொரு தடவையும் முழு நிலவரத்தையும் அனுப்புகிறது: ஓடுகிறதா, எத்தனை டிகிரி, ஃபேன் வேகம், காற்றைத் திருப்பும் தகட்டின் அசைவு, டைமர், எல்லாம் சேர்ந்து பல சாதனங்களில் நூறு பிட்டைத் தாண்டும். ஒரு விதத்தில் நல்ல ஏற்பாடுதான், அம்மா இரண்டு தடவை அழுத்தினாலும் கெடுதல் இல்லை. (ஆனால் ஏசி திரும்பி ஒன்றும் சொல்வதில்லை, ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு குறைத்தால் அதன் திரையில் 22 இருக்கும், ஏசி பாட்டுக்கு 26-ல் ஓடிக்கொண்டிருக்கும்.)

எங்கள் ஏசியில் டிகிரியை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டி, எந்த பிட் மாறுகிறது என்று பார்த்தேன். 24, 25, 26, 27 என்று ஏற்றினால் கணினியில் வந்த எண்கள் 1, 9, 5, 13. இரண்டு நாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது, பிட்டுகள் சின்னதிலிருந்து பெரியதாக வருகின்றன, நான் பெரியதிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். திருப்பிப் படித்தால் 8, 9, 10, 11. 16-ஐக் கூட்டினால் டிகிரி வந்துவிட்டது. ஆனால் டிகிரி மாறும்போதெல்லாம் கடைசியிலும் நாலு பிட் மாறிக்கொண்டிருந்தது, அது கூட்டுத்தொகைச் சோதனை, மற்ற பிட்டுகள் பிழையில்லாமல் வந்தனவா என்று ஏசி சரிபார்க்க. அது தப்பினால் ஏசி "பீப்" கூடச் சொல்லாமல் மொத்தத்தையும் ஒதுக்கிவிடும். எட்டு எட்டு பிட்டாகப் பிரித்த பைட்டுகளின் பாதிகளைக் கூட்டி, அதோடு 10 சேர்த்து, 16-ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம். அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை புரியவில்லை, யாரோ ஒரு பொறியாளர் ஒரு பிற்பகலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தயவுசெய்து அவரையே கேட்டு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

பாதுகாப்பு என்று நீங்கள் சொல்லக்கூடும். சுவரைத் தாண்டாத ஒளி இது, எதிரில் நிற்பவர்தான் அனுப்ப முடியும். கண்ணில் படும் டிவியையெல்லாம் அணைக்கிற டிவி-பி-கான் என்ற சாவிக்கொத்து ரிமோட் 2004-லேயே வந்துவிட்டது, அதைச் செய்தவர் உங்கள் கையேட்டுக்காகக் காத்திருக்கவில்லை. மாற்று ரிமோட் விற்பனை பாதிக்கும் என்றால், அதைக் காப்பியடித்து விற்பவர்களிடம் உங்கள் எண்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. எண்கள் இல்லாமல் தவிப்பது காசு கொடுத்துச் சாதனம் வாங்கியவர் மட்டும்தான். வழக்கம் இல்லை என்றும் சொல்லாதீர்கள், ப்ரொஜெக்டர் கையேடுகள் பலவற்றில் கடைசிப் பக்கத்தில் சீரியல் போர்ட்டுக்கான கட்டளை அட்டவணை இருக்கிறது. அச்சிடுவதால் யாரும் நொடிந்துபோகவில்லை.

நான் கேட்பது இதுதான். எந்த முறை, எத்தனை கிலோஹெர்ட்ஸ், சாதனத்தின் முகவரி என்ன, ஒவ்வொரு பட்டனுக்கும் என்ன எண். பட்டன் இல்லாத கட்டளைகளில் போடுவது, அணைப்பது, ஒவ்வொரு இன்புட்டுக்கும் நேராகப் போவது ஆகியவற்றின் எண்கள். தொடக்கூடாத சர்வீஸ் எண்கள் எவை என்றும் சொல்லிவிடுங்கள், என்னைப் போல யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஏசியாக இருந்தால் எந்த பிட் எதைக் குறிக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், சோதனைத் தொகையை எப்படிக் கூட்டுவது. தாளில் இடம் இல்லை என்றால் உங்கள் இணையதளத்தில் போடுங்கள், மாடல் எண்ணைத் தட்டினால் வரட்டும், ஆனால் அதற்கு முன் பதிவு செய், ஓடிபி கொடு என்று கேட்காதீர்கள்.

அம்மாவின் பெட்டி வேலை செய்கிறது. நாலு பட்டன் வைத்ததில் இப்போது ஐந்தாவது ஒன்று கேட்கிறார், ஹாலில் உள்ள ஃபேனுக்கு. அதன் ரிமோட்டை நேற்று ரிசீவருக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், நான் இதுவரை பார்த்த எந்த முறையிலும் அது அடங்கவில்லை. கையேட்டை எடுத்துப் புரட்டினேன், இறக்கையைத் துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
பெட்டிக்குள் ஐந்தாவது பட்டனுக்குத் துளை போட்டு வைத்திருக்கும் ஒருவன்