தட்டில் துடிக்கும் செல்கள்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் உயிரியல் எடுத்திருக்கிறாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். உடம்பே இல்லாமல் இதயச் செல் எப்படித் துடிக்கும் என்று கேட்டாளாமே, நான் ராப்பகலாக உட்கார்ந்திருப்பதே அந்தக் கேள்வியின் மேல்தான்.

பிறந்து ஓரிரு நாளான எலிக்குட்டியின் இதயத்தை நொதி விட்டுத் தனித்தனிச் செல்களாகப் பிரித்து இன்குபேட்டரில் வைத்தால், தட்டில் ஒட்டிப் பரவி, சீக்கிரமே தானாகத் துடிக்க ஆரம்பித்துவிடும். நரம்பு கிடையாது, ரத்தம் கிடையாது. முதலில் ஒவ்வொன்றும் அதனதன் இஷ்டத்துக்கு, ஒன்று படபடவென்று, பக்கத்திலேயே இன்னொன்று சாவகாசமாக. அப்புறம் ஒன்றையொன்று தொட்டதும், செல்களை இணைக்கும் கனெக்ஸின் புரதத் துளைகள் வழியாக மின்னோட்டம் செல் விட்டுச் செல் தாவி, எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். கால்சியம் ஒட்டினால் ஒளிரும் ஃப்ளூவோ-4 சாயம் ஏற்றிப் பார்த்தால் பச்சை ஒளி மேலெழுந்த அடுத்த கணம் செல் சுருங்குவது தெரியும். அந்த ஒளி காட்டுவதுதான் கால்சியம்.

சுருங்குவதற்குக் கால்சியம் வேண்டும் என்பது பழைய செய்தி, சிட்னி ரிங்கர் 1883-லேயே தவளை இதயத்தில் காட்டிவிட்டார். அடுத்த துடிப்பைக் கிளப்புவதிலும் அதற்குக் கை இருக்கிறது என்பதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கு நிரம்பியதும், ரயனோடின் ஏற்பிகள் என்ற அதன் கதவுகள் வழியே கொஞ்சம் கசிகிறது. கசிந்ததைச் செல் சவ்விலுள்ள சோடியம்-கால்சியம் பரிமாற்றி என்ற புரதம் வெளியே தள்ளுகிறது, ஒரு கால்சியம் போனால் மூன்று சோடியம் உள்ளே வரும். நீயே கணக்குப் போடு: இரண்டு நேர்மின்னூட்டம் வெளியே, மூன்று உள்ளே. இப்படி ஒவ்வொன்றாக மிஞ்சி மிஞ்சிச் சவ்வின் மின்னழுத்தம் ஏற, எல்லையைத் தொட்டதும் அடுத்த துடிப்பு.

இல்லை, தாளம் சவ்வில்தான் இருக்கிறது என்று இன்னொரு கட்சி, துடிப்புகளுக்கு நடுவே சவ்வின் வழியே உள்ளே பாயும், 1979-ல் விவரித்த 'ஃபன்னி' மின்னோட்டத்தைக் காட்டுவார்கள். இதயத்துக்குத் தாளம் போடும் சைனஸ் கணுவின் செல்லில், அந்தக் கதவுகளைக் குலைக்கும் ரயனோடின் என்ற பொருளைப் போட்டாலும் தாளம் தளர்கிறது, 'ஃபன்னி' மின்னோட்டத்தை அடைத்தாலும் தளர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடுகின்றன என்பதே என் கட்சி.

நீ ஆசிலேட்டர் சர்க்யூட்டோடு ஆயுசுக்கும் மல்லாடியவன். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் இரண்டின் பதிவை அனுப்புகிறேன், தொட்டுக்கொண்ட பிறகு எது எதை இழுக்கிறது என்று பார்த்து எழுது. மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்.

அன்புடன்,
சேகர்