முதலில் ஈரத்துக்குக் கணக்குச் சொல்லுங்கள்

நிலக்கரி அமைச்சக அதிகாரிகளுக்கு வணக்கம்.

நிலக்கரியை வாயுவாக்கும் உங்கள் திட்டத்தைப் பற்றி, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இலை உலர்த்தும் ட்ரையர் பார்த்தவன் எழுதுகிறேன். நெய்வேலிக் கரியைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஈரம் தெரியும்.

நாலரைக் கிலோ பச்சை இலை வந்தால் ஒரு கிலோ தூள் தேறும். போனதெல்லாம் தண்ணீர்தான். மழைக்காலத்தில் ஒரு லோடு பச்சை விறகு வந்துவிட்டால் அன்றைய ராத்திரி ஷிப்டு முழுக்கப் புகைதான். விறகின் சூடு தன் ஈரத்தை உலர்த்துவதிலேயே தீர்ந்துபோகும், இலைக்கு மிஞ்சாது.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் பச்சை விறகு மாதிரிதான். எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 2030க்குள் 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவது இலக்கு என்கிறீர்கள். 2024 ஜனவரியில் இதற்கென்று 8,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதலும் கொடுத்தது. நீராவியும் ஆக்சிஜனும் செலுத்திச் சுட்டால் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும், அதை வைத்து மெத்தனால், டீசல், எரிவாயு எல்லாம் செய்யலாம். சரி. அந்தப் பாதித் தண்ணீரை எந்தச் சூட்டில் விரட்டப் போகிறீர்கள்? அந்தச் சூட்டுக்கு எத்தனை டன் கரி போகும்?

நாங்கள் இலையை நேரே ட்ரையரில் கொட்டுவதில்லை. தொட்டியில் பரப்பி, ஃபேன் காற்றில் வாட்டி, ஒரு பங்கு ஈரத்தை மலிவாகவே இறக்கிவிடுவோம். நீங்களும் ஆலையில் வீணாய்ப் போகும் சூட்டில் கரியை முதலில் வாட்டுங்கள்.

இன்னொன்று. எங்கள் எஃப்.பி.டி. (ஃப்ளூயிட் பெட்) ட்ரையரில் அடியிலிருந்து சூடான காற்று அடிக்க, தூள் கொதிக்கிற கஞ்சி போலப் புரளும். 1920களில் ஜெர்மனியில் வின்க்லர் என்பவர் பழுப்புக் கரியை வாயுவாக்கியதும் இப்படிப் புரளவிட்டுத்தான். நெய்வேலியிலேயே 1960களில் அவர் பெயர் கொண்ட கலன்களில் கரியை வாயுவாக்கி யூரியா செய்தார்கள். அப்புறம் கரியை விட்டுவிட்டு எரியெண்ணெய்க்கு மாறினார்கள். ஏன் மாறினார்கள்? புது ஆலைக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன்னால் அந்தப் பழைய கணக்கைப் பொதுவில் வையுங்கள். இந்த மடலே அதற்காகத்தான்.

கரியமில வாயுவையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் வடக்கு டகோடாவில் 1984 முதல் பழுப்புக் கரியிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். 2000ல் இருந்து அங்கே பிரியும் கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் குழாய் போட்டுக் கனடாவின் எண்ணெய் வயலுக்கு அனுப்புகிறார்கள். நம் ஆலையில் பிரிவது எங்கே போகும்?

எங்கள் மலையில் சாண்டிநல்லாப் பக்கம் சதுப்புக்குள் முழுசாய் மக்காத கரிமண் கிடக்கிறது, நிலக்கரியின் குழந்தைப் பருவம். பல்லாயிரம் ஆண்டு மழைக் கணக்கை விஞ்ஞானிகள் அதில் படித்திருக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறேன், அதன்மேல் மட்டும் கண் வைத்துவிடாதீர்கள்.

பதிலைத் தமிழிலும் போடுங்கள். எங்கள் தொழிற்சாலை நோட்டீஸ் போர்டில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு பழைய ட்ரையர்காரன்