கோவைக்கு வரும் தட்டுகள்

அன்புள்ள சீனு,

உன் பட்டியல் கிடைத்தது. நியூஜெர்ஸி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோவைக்கு வருவதற்குள் ப்ளூ நோட் ஜாஸ் கம்பெனி முதலில் அச்சிட்ட அசல் இசைத்தட்டுகள் பத்துப் பதினைந்தாவது சேர்த்துவிட வேண்டும் என்கிறாய். சேர். நீ இருக்கிற மாநிலத்தைவிட அதற்குத் தோதான இடம் கிடையாது. ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் முதலில் ஹாக்கென்சாக்கில் பெற்றோர் வீட்டுக் கூடத்திலும், 1959 முதல் எங்கிள்வுட் கிளிஃப்ஸிலும் பதிந்த தட்டுகள்தானே இவை. ஆனால் உறையைப் பார்த்து விலை பேசாதே. ரீட் மைல்ஸ் வடிவமைத்த உறைகளுக்கு மயங்காதவர் யார்? அதனால்தான் உறை பளபளவென்றும் உள்ளே தட்டு தேய்ந்தும் இருக்கிற பிரதிகள் இன்னும் விலைபோகின்றன.

பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் உள்ள வெற்று வளையத்தை விளக்கடியில் சாய்த்துப் பார். 'ஆர்விஜி' (அவர் பெயரின் முதலெழுத்துகள்) என்றோ 'வான் கெல்டர்' என்றோ பொறித்திருந்தால் அந்த அச்சு அவர் பள்ளம் வெட்டிய மூலத்தட்டிலிருந்து வந்தது. அதோடு, காது மடல் போல வளைந்த கையெழுத்து 'பி' ஒன்று இருக்கிறதா என்று தேடு. அது தட்டுகளை அச்சடித்த பிளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம். சேகரிப்பாளர்கள் 'காது' என்றே சொல்வார்கள். ப்ளூ நோட் லிபர்ட்டி என்ற கம்பெனிக்குக் கைமாறிய பிறகு 1966இல் அந்த ஆலையில் அச்சடிப்பது நின்றுவிட்டது. எனவே லேபிளில் 'நியூயார்க் யுஎஸ்ஏ' என்றிருந்தும் காது இல்லையென்றால், மிஞ்சிய பழைய லேபிளை ஒட்டி லிபர்ட்டி காலத்தில் அச்சடித்தது என்று வைத்துக்கொள். 'லெக்சிங்டன்', '47 வெஸ்ட் 63' என்ற பழைய முகவரி லேபிள்களும் இப்படித்தான் மிச்சம் மீதி வைத்து ஒட்டப்பட்டன. லேபிளை மட்டும் நம்பிக் காலம் கணிக்காதே.

காது இல்லாத பிரதியை ஒதுக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆர்விஜி முத்திரை இருக்கும் லிபர்ட்டி பிரதி பெரும்பாலும் அதே உலோக அச்சிலிருந்து வந்தது. விலையில் பெரிய வித்தியாசம் உண்டு, கேட்கும்போது அவ்வளவு இல்லை. கேட்கத்தான் வாங்குகிறாய் என்றால் அதைத் தாராளமாக எடு.

தேய்மானத்தைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. மெல்லிய கீறல்கள் பல சத்தமே போடாது. நகத்தில் தட்டுப்படுகிற கீறல்தான் டிக் டிக் என்று வரும். தேய்மானம் வேறு விஷயம். அந்தக் காலத்துக் கனத்த ஊசிகள் பள்ளத்தின் சுவரையே அரைத்திருக்கும். கடையில் போட்டுக் காட்டச் சொன்னால் முதல் பாட்டைக் கேட்காதே, பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேள். 33⅓ சுற்றில் தட்டின் விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. நீளம் ஓடுகிறது, லேபிள் பக்கத்தில் 20 செ.மீ.தான். அதே ஒலி குறைந்த நீளத்தில் நெருங்கி நிற்பதால் சேதம் அங்கேதான் முதலில் தெரியும். ட்ரம்பெட் உச்சத்தில் கரகரத்தால் எந்தக் கழுவலும் அதைச் சரிசெய்யாது. வான் கெல்டர் சத்தமாக வெட்டியவர் என்பதால் ட்ரம்பெட்காரர் லீ மார்கனின் தட்டுகளில் இந்தப் பிரச்சினை அதிகம்.

மோனோவுக்கு (ஒற்றைத் தட ஒலி) ஸ்டீரியோவைவிடக் கூடுதல் விலை கேட்பார்கள். 1950களின் நடுப்பகுதித் தட்டு என்றால் கொடு. 1960களின் ப்ளூ நோட் மோனோ பெரும்பாலும் அதே இரண்டு தட டேப்பை ஒன்றாக்கி வெட்டியது. அதற்குத் தனி மரியாதை எதற்கென்று எனக்குப் புரிந்ததில்லை. அந்தப் பணத்தில் ப்ளூ நோட்டின் மறுபதிப்பான டோன் பொயட் வரிசையில் மூன்று வாங்கலாம். மாஸ்டரிங் செய்யும் கெவின் கிரே மூல டேப்பிலிருந்து வெட்டுகிறார், தட்டின் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. ஜப்பானில் கிங் கம்பெனி அச்சிட்டவையும் அப்படி அமைதியானவை.

இனி உன் டர்ன்டேபிள். அதைக் கப்பலில் ஏற்றுவதற்குமுன் மோட்டாரைப் பார். பெல்ட் போட்ட, ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் என்றால் அதன் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. அங்கே 60, இங்கே 50. நீ வாங்க நினைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. தட்டு 33⅓க்குப் பதில் நிமிடத்துக்கு 27.8 சுற்றுதான் சுற்றும், பாட்டு மூன்று ஸ்வரஸ்தானத்துக்கும் சற்றுக் கூடுதலாகக் கீழே இறங்கிவிடும். அந்த மாடலுக்கான 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடும் சிறு சக்கரம்; விட்டம் ஒன்றேகால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, 1.2 மடங்கு) கிடைத்தால் இப்போதே வாங்கிவிடு. டிசி மோட்டார், குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. வோல்டேஜ் மட்டும் பார்த்தால் போதும்.

வேகம் சோதிக்கிற ஸ்ட்ரோப் அட்டையிலும் இதே குழி இருக்கிறது. வேகம் சரியென்றால் விளக்கொளியில் அதன் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். அமெரிக்க அட்டையில் 216 கோடுகள் இருக்கும், நம் ஊருக்கு 180 கோடு உள்ள அட்டை வேண்டும். எல்இடி விளக்கில் கோடுகள் நிற்காமல் போகலாம்; பழைய குண்டு பல்பிலோ நியான் விளக்கிலோ பார்.

வேகம் சரியான பிறகு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைப் போடு. நீ கேட்ட 'முதல் பக்கம் ஏதோ ஏறி நிற்கிறதே' என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. 1959 மார்ச் 2 அன்று கொலம்பியாவின் 30ஆவது தெரு ஸ்டூடியோவில் பிரதான டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் திருப்பிப் போட்டதும் அன்று பதிந்த மூன்று பாட்டுகளும் சுருதி ஏறிவிட்டன. இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22இல் பதிந்தது, அதில் பிழை இல்லை. இன்னொரு இயந்திரத்தில் ஓடிய காப்பு டேப்பை வைத்து 1992இல்தான் திருத்தினார்கள். உன்னிடம் இருக்கும் ஆறு கண் லேபிள் (கண் போன்ற ஆறு சின்னங்கள் உள்ள பழைய கொலம்பியா லேபிள்) பிரதி திருத்தத்துக்கு முந்தியது. சுருதிப் பெட்டியை 2 கட்டையில் வைத்துக்கொண்டு 'ஸோ வாட்' கேள்: பாஸ் 2 கட்டைக்கு மேலே, 2½க்குக் கீழே, இரண்டுங்கெட்டானாக நிற்கும். திருத்திய பதிப்பில் பெட்டியோடு ஒட்டும். 16 பார் (தாளச் சுற்று, bar) நம் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள், 8 பார் அதே ஸ்வரங்கள் அரைக் கட்டை மேலே, மறுபடி 8 பார் பழைய இடத்துக்கு. கமகம் இல்லாததால் ராகம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த ஏற்றம் உனக்குச் சட்டென்று பிடிபடும்.

இங்கே இப்போது அதிகம் ஓடுவது ஹார்ப் வாசித்த ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971. தலைப்பில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தா கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்துக்காரர், 1914இல் பிறந்தவர். நீ குடிவரும் ஊருக்குப் பக்கம்! தம்பூராவை அடியில் ஓடவிட்டு, மேலே ஹார்ப், அதற்கும் மேலே ஃபாரோ சாண்டர்ஸின் சொப்ரானோ சாக்ஸபோன். கடைசிப் பாட்டு மட்டும் நியூயார்க்கின் 'வில்லேஜ் கேட்' கிளப்பில் 1970 ஜூலை 4 அன்று மேடையில் பதிந்தது. இம்பல்ஸ் கம்பெனியின் அசல் பிரதி என்றால் கறுப்பு லேபிளைச் சுற்றிச் சிவப்பு வளையம் இருக்க வேண்டும். பச்சை லேபிள் என்றால் அதற்குப் பிந்தையது.

இன்னொன்று, சார்லி மாரியானோ. பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸோடு ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த அதே மனிதர் பிறகு நாகஸ்வரம் கற்றுக்கொண்டார். 1976இல் எம்பிஎஸ் (MPS) என்ற ஜெர்மன் கம்பெனிக்காகப் பதிந்த 'ஹெலன் 12 ட்ரீஸ்' தட்டில் நாகஸ்வரமும் வாசிக்கிறார். திருவாவடுதுறையை எதிர்பார்த்து உட்காராதே. சீவாளியின் அழுத்தத்தை ஒரு சாக்ஸபோன்காரர் எப்படிக் கையாளுகிறார் என்பதுதான் அதில் சுவாரசியம்.

கழுவ: ஒரு லிட்டருக்கு 800 மி.லி. டிஸ்டில்டு தண்ணீர், 200 மி.லி. ஐசோப்ரோபைல் ஆல்கஹால், போட்டோ கழுவப் பயன்படும் போட்டோ-ஃப்ளோ சில சொட்டு. பிறகு வெறும் டிஸ்டில்டு தண்ணீரில் அலசு. இல்லாவிட்டால் ஊசி நுனியில் பிசுக்குச் சேரும். குழாய்த் தண்ணீர் உப்புப் படியவிடும். உன் தாத்தாவின் 78 சுற்றுத் தட்டுகளில் இந்தக் கலவையை ஒரு சொட்டும் படவிடாதே, அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹால் கரைத்துவிடும். பூஞ்சை பிடித்த தட்டை உலர்ந்த துணியால் துடைக்காதே, பள்ளத்துக்குள்ளே தள்ளிவிடுவாய்.

கப்பலுக்கு: பெட்டிக்கு 50 தட்டு, அதற்குமேல் வேண்டாம், அதுவே 12, 13 கிலோ வரும். நிற்கவைத்து அடுக்கு, படுக்கவைத்தால் வளையும். தட்டை உறைக்குள் வைக்காமல் உள்ளுறையோடு வெளியே எடுத்து, உறையின் பின்னால் வை. ஆட்டத்தில் தட்டின் விளிம்பு உறையின் தையலைக் கிழித்துவிடும். பளபளப்பான பிவிசி மேலுறைகளை அங்கேயே எறிந்துவிட்டுப் பாலிப்ரொப்பிலீன் போடு. கன்டெய்னர் சூட்டில் பிவிசி தட்டின்மேல் புகைபோல் படியும், அது போகாது. இங்கே வந்ததும் அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்காதே. ராமபாணப் பூச்சிக்குப் பழைய உறைகளின் பசை விருந்து.

முடிந்தால் நுனி 25 மைக்ரான் உள்ள மோனோ ஊசி ஒன்று எனக்கும் சேர்த்து வாங்கி வா. உன் பட்டியலில் தேய்ந்தவை என்று குறித்திருக்கும் 50களின் தட்டுகளை அதில் ஒருமுறை, 18 மைக்ரானில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளலாம். அகலம் மாறினால் ஊசி சுவரின் வேறு உயரத்தில் உட்காரும். பழைய ஊசிகள் தொடாத இடம் சிலதில் மிச்சமிருக்கும்.

அன்புடன்,
மூர்த்தி