தள்ளி நின்றே நெருக்கமாக எடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த காட்டுயிர்ப் படக் கட்டுரையைப் படித்தேன். சிறிய மிரர்லெஸ் கேமரா (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாதது) இதற்கெல்லாம் சரிவராது, நெருக்கமான படம் வேண்டுமென்றால் நெருங்கித்தான் போக வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வெகுகாலமாகத் தட்டான்களையும் ஓணான்களையும் படமெடுத்து வருகிறவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்னும் மிரர்லெஸ் வகை. படத்தைப் பதியும் சென்சார் இதில் சிறியது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 800 மி.மீ. லென்ஸ் காட்டுவதை இதில் 400 மி.மீ. லென்ஸே காட்டிவிடும். விற்பவர்கள் இதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் பூச்சி எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதை. பெரிய 600 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றுக்கு நான்கு மீட்டருக்கு மேல் வேண்டும். என்னுடைய 100-400 மி.மீ. ஜூம் லென்ஸுக்கு 1.3 மீட்டர் போதும். அந்தத் தூரத்தில் ஏழு சென்டிமீட்டர் அகலமே படத்தை நிரப்பிவிடும். ஒரு தட்டான் வாலோடு அதில் அடங்கும். 1.3 மீட்டர் என்பது சென்சாரிலிருந்து அளப்பது. லென்ஸின் நீளம் போக, பூச்சிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் மிஞ்சுகிறது. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில், அதாவது கிட்டத்தில் எடுப்பதற்கென்றே உள்ள லென்ஸில், பூச்சியின் நிஜ அளவே சென்சாரில் விழும்படி எடுக்கப் போனால் ஒரு சாண்கூட மிஞ்சாது.

சிரமம் இல்லாமல் இல்லை. லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழுவது ஐந்து மில்லிமீட்டர் ஆழம்தான். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் வால் நுனி மங்கிவிடும். பக்கவாட்டில் வந்து, உடம்புக்கு இணையாகக் கேமராவைப் பிடித்தால் தலை முதல் வால் வரை கிடைக்கும். நாம் நகரும்போது தட்டான் பறந்துவிட்டால் பின்னாலேயே ஓட வேண்டாம். பல தட்டான்கள் உட்கார்ந்த குச்சிக்கே திரும்பி வரும். குச்சியில் ஃபோகஸ் வைத்து அசையாமல் நின்றால், வந்து உட்கார்ந்து முன்காலால் கண்ணைத் துடைத்துக்கொள்வதுகூடக் கிடைக்கும். எலெக்ட்ரானிக் ஷட்டரில் சத்தமே வராது. ஆனால் சிறகடிக்கும்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எலெக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் வரி வரியாகப் பதிவு செய்வதால் இறக்கை வளைந்து விழுந்துவிடும்.

அப்புறம், கட்டுரையோடு வந்த பறவைக் கூட்டின் படம். குஞ்சுகள் வாய் பிளந்து நிற்கின்றன; கூட்டை மறைத்திருந்த இலைகளை யாரோ ஒதுக்கிக் கட்டியிருப்பது படத்திலேயே தெரிகிறது. எனக்கு மனசே ஆறவில்லை. இலை விலகினால் வெயிலும் காக்கையும் நேரே கூட்டுக்கு வரும். பக்கத்தில் ஆள் நிற்கும்வரை தாய்ப்பறவை இரையோடு வெளியில் தவிக்கும். இதற்கு எந்த லென்ஸும் பரிகாரம் ஆகாது.

தயவுசெய்து கூட்டுப் படங்களை வெளியிடாதீர்கள். வாசகர் படங்களை வாங்கும்போது எந்த லென்ஸில், எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது என்று கேட்டு, படத்தின் கீழேயே போடுங்கள். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுத்த படங்களையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். அசையாத தட்டான் வேண்டுமென்றால் படமெடுப்பவர் விடியற்காலையில் போகட்டும். வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை தட்டான் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி