படக்குறிப்பில் விடுபட்டவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாப நோக்கில்லாமல் ஆவணப்படங்களும் பாடப் படங்களும் எடுக்கிற நிறுவனங்களைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இந்த விஷயத்துக்கு நாலு பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 'திரைக்குப் பின்னால் இருப்பவர்கள்' என்று தலைப்பு வைத்துவிட்டு நாலு பக்கமும் இயக்குநரிடமே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? விழா மேடை, பேட்டி, விருது என்று எப்போதும் முன்னால் நிற்கிறவர் அவர்தானே.

நான் இப்படி ஒரு நிறுவனத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். என்ன வேலை என்று கேட்டால் சொல்லிப் புரியவைக்கவே கொஞ்ச நேரம் ஆகும். படம்பிடித்து வந்த ஃபுட்டேஜ் முழுவதையும் உட்கார்ந்து பார்த்து, எந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்று டைம்கோடோடு எழுதி வைக்க வேண்டும். ஒரு மணி நேரப் பேட்டிக்கு எனக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும். ஒரு தடவை ஒரு வயதான அம்மாவிடம் மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், அவர் பதிலே சொல்லாமல் மடியில் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். பேச்சு இல்லாத இடம், தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். 'பேசவில்லை, கண்ணாடியைத் துடைக்கிறார், 18 விநாடி' என்று எழுதி வைத்தேன். நாலு மாதம் கழித்து, முடிவு சரியாக அமையாமல் தவித்துக்கொண்டிருந்த எடிட்டர் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் படத்தை அங்கே கொண்டுபோய் முடித்தார். பார்த்தவர்கள் எல்லாரும் இயக்குநரின் நுட்பமான பார்வையைப் பாராட்டினார்கள். சரி, போகட்டும்.

எடிட்டரைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை. சிகாகோவில் 1966-லிருந்து கார்ட்டெம்க்வின் ஃபிலிம்ஸ் என்ற லாப நோக்கில்லாத நிறுவனம் இருக்கிறது. கூடைப்பந்து ஆடும் இரண்டு பையன்களைப் பற்றி அவர்கள் அரை மணி நேரப் படம் ஒன்று எடுக்கப் போய், அது வருஷக்கணக்கில் நீண்டு, சுமார் 250 மணி நேர ஃபுட்டேஜாகக் குவிந்து, கடைசியில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான 'ஹூப் ட்ரீம்ஸ்' ஆக 1994-ல் வந்தது. ஆஸ்கரில் சிறந்த ஆவணப்படத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் அதற்கு இடமில்லை, பெரிய சர்ச்சையே ஆனது. ஆனால் படத்தொகுப்புக்கான பட்டியலில், கதைப் படங்களோடு சேர்த்து, அது இருந்தது! 250 மணி நேரத்தைப் பார்த்து முடிப்பதற்கே, நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், வெட்டுவது அப்புறம்தான்.

பாடப் படங்களில் இன்னொரு வகை ஆட்கள் உண்டு. 1968-ல் ஜோன் கான்ஸ் கூனியும் லாயிட் மோரிசெட்டும் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம்தான் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியைத் தயாரித்தது. அங்கே ஆய்வுப் பிரிவைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பால்மர், குழந்தைகளுக்கு நிகழ்ச்சியைப் போட்டுக்காட்டும்போது டிவிக்குப் பக்கத்திலேயே இன்னொரு திரையையும் வைத்தார். அதில் ஏழரை விநாடிக்கு ஒரு ஸ்லைடு மாறும். குழந்தையின் கண் எப்போது டிவியை விட்டு ஸ்லைடுக்குப் போகிறது என்று குறித்துக்கொள்வார்கள், கண் விலகிய இடத்தில் நிகழ்ச்சியில் ஏதோ சரியில்லை என்று கணக்கு. குழந்தையின் முகத்தையே பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தவர்களும் என் கட்சி என்று எனக்கு ஒரு நினைப்பு.

கட்டுரையில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது 'சேவை மனப்பான்மை' என்ற சொல்லைப் பார்த்துத்தான். எண்ணிப் பார்த்தேன், ஐந்து இடத்தில் வருகிறது. லாப நோக்கில்லை என்றால் மிஞ்சுகிற பணத்தை யாரும் பங்கு போட்டு எடுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். வேலை செய்கிறவருக்குச் சம்பளம் தரக் கூடாது என்று எங்கேயும் இல்லை. நிதி கொடுப்பவர்களில் பலர் படத்துக்குத் தருவார்கள், ஆனால் வாடகைக்கோ கணக்கு எழுதுகிறவருக்கோ கேட்டால் முகம் சுளிப்பார்கள். படம் முடிந்த பிறகு ஃபுட்டேஜ் இருக்கிற ஹார்ட் டிஸ்குகளை இன்னும் பத்து வருஷம் யார் பாதுகாப்பது என்பதற்கு எந்த விண்ணப்பப் படிவத்திலும் கட்டம் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் அவை செருப்புப் பெட்டிகளில் இருந்தன. நான் விலகிய வருஷம் அந்த டிஸ்குகளில் ஒன்று திறக்கவே இல்லை. மூக்குக்கண்ணாடி அம்மாவின் பேட்டி முழுவதும் அதில்தான் இருந்தது, படத்தில் வந்தது போக மிச்சம் இப்போது என் எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். கட்டுரையோடு ஒரு புகைப்படம் போட்டிருந்தீர்கள். ஒரு வீட்டுக்குள் நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் நிற்கிறார்கள், கீழே 'ஆழ்ந்த சிந்தனையில் இயக்குநரும் குழுவினரும்' என்று குறிப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சிந்தனையாக இருக்காதுங்க. பேட்டி முடிந்ததும் ஒலிப்பதிவாளர் எல்லாரையும் ஒரு நிமிடம் மூச்சுவிடாமல் நிற்கச் சொல்வார், யாரும் பேசாதபோது அந்த அறை எப்படி ஒலிக்கிறது என்று பதிவு செய்ய. எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்ட அந்தச் சத்தம் வேண்டும். படத்தின் வலது ஓரத்தில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஒரு கையைத் தூக்கியபடி, பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்கிறாரே, எல்லாரையும் அப்படி நிறுத்தி வைத்திருப்பது அவர்தான். அவர் பெயரைக் கேட்டு அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகி ஒருத்தி