தேத்தண்ணியிலும் போட்டுப் பாருங்கள்

கசப்புத் தெரியாத மருந்து மணிகளை உருவாக்கும் ஆய்வாளர்களுக்கும், நாட்டுக்கு மருந்து செய்யும் அரச நிறுவனத்தாருக்கும்,

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து எழுதுகிறேன். நாற்பது வருஷம் கொழுந்தெடுத்த என் அம்மாவுக்குப் போன வருஷம் பாரிசவாதம் வந்தது. கை கொஞ்சம் திரும்பிவிட்டது, தொண்டை திரும்பவில்லை. சீனி வருத்தத்துக்குக் கொடுத்த மெட்ஃபோர்மின் மாத்திரை அவருக்குக் கூழாங்கல் மாதிரி. இரண்டு தடவை புரையேறியதும் அதை அம்மியில் பொடித்துத் தேத்தண்ணியில் கலந்து கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். மூன்று நாள் வயிற்றோட்டம். அப்புறம்தான் ஒரு நர்ஸ் மிஸ்ஸி சொன்னார், அது மெல்ல மெல்லக் கரையும் வகை, பொடிக்கவே கூடாது என்று. அட்டையில் ஏதோ எழுதித்தான் இருந்தது. தமிழில் இல்லை.

அதற்குப் பிறகு உங்கள் வேலையைப் பற்றித் தேடி வாசித்தேன். மருந்தைக் கடுகளவு மணிகளாக உருட்டி, காற்றில் மிதக்கவிட்டு, மேலே மெல்லிய படலம் தெளிக்கிறீர்கள். அந்தப் படலங்களில் ஒரு வகை எச்சிலில் கரையாது. பிஎச் என்பது புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்புக் கூடும்; பிஎச் 5-க்குக் கீழே, அதாவது வயிற்றுப் புளிப்பில், படலம் கரைந்துவிடும். சோதிக்கும்போது எச்சிலுக்கு ஒத்த பிஎச் 6.8 நீரில் போட்டு, முதல் சில நிமிடங்களில் எவ்வளவு மருந்து கசிகிறது என்று அளக்கிறீர்கள். சரி, அது வாய்க்கான கணக்கு. எங்கள் கோப்பைக்கான கணக்கு எங்கே?

இங்கே பலர் மருந்து குடிப்பது தேத்தண்ணியில்தான், அதுவும் சுடச்சுட. தடிமன் என்றால் அதில் தேசிக்காயும் பிழிவோம். தேசிப்புளி தாராளமாக விழுந்தால் அது பிஎச் 5-க்குக் கீழே போய்விடும். தயிரும் அப்படித்தான். வயிற்றில் திறக்கவேண்டிய படலம் கோப்பையிலேயே திறந்துகொண்டால், கசப்பு முழுதும் முதல் மிடற்றிலேயே வந்துவிடும். புரையேறுகிறவர்களுக்கு நீர்த்த தேத்தண்ணியை விடக் கெட்டியான கூழ்தான் நல்லது என்றும் மிஸ்ஸி சொன்னார். ஆகவே சூடான தேத்தண்ணி, தேசிக்காய் விட்டது, தயிர், குரக்கன் கூழ் எல்லாவற்றிலும் மணிகளைப் போட்டு அளந்து பாருங்கள். முதல் சில நிமிடங்கள் மட்டும் அளந்தால் போதாது. அம்மா ஒரு கோப்பை குடித்து முடிக்க அரைமணி நேரம் ஆகும்.

இன்னொன்று, வெற்றிலை. வாயில் எது விழுந்தாலும் மெல்லுவது அம்மாவின் பழக்கம், பல் குறைந்தும் அது போகவில்லை. மென்றால் படலம் உடையும், அவ்வளவு உழைப்பும் வீண். கசப்பை அளக்க மின்னணு நாக்கு என்றொரு கருவி இருக்கிறதாமே, அது வெற்றிலை போடாது. நாக்கில் மணலாக நெருடும் எதையும் எங்கள் ஆட்கள் ஒன்று மெல்லுவார்கள், இல்லையென்றால் துப்புவார்கள். அதனால் மணி எவ்வளவு சிறியதாக முடியுமோ அவ்வளவு சிறியதாகட்டும். "மெல்ல வேண்டாம்" என்பதைப் பெட்டியில் மட்டுமல்ல, ஒவ்வொரு பொதியிலும் தமிழில் பெரிதாகப் போடுங்கள். பெட்டி முதல் நாளே அடுப்புக்குப் போய்விடும்.

மணியின் நெருடலைப் பார்க்க மருந்தில்லாத மணிகளை வைத்து ஆட்களைக் கேட்பீர்களாம். அப்படியானால் லயத்துக்கும் வாருங்கள். தொண்டை சரியாக உள்ள கிழவிகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "வரச் சொல்லு, தேத்தூளை மட்டும் நல்லதாக் கொண்டு வரட்டும், நமக்குக் கிடைக்கிறது டஸ்ட்தானே" என்றார்.

இப்படிக்கு,
கொழுந்தெடுத்த ஒருவரின் மகள்