செப்டம்பர் 30 சுவரொட்டி: ரொறன்ரோ தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய நிர்வாக சபையினருக்கு வணக்கம்.

நம்மவர் நிகழ்வுகளுக்குப் பதாகையும் விழா மலரும் வடிவமைப்பவன் நான். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சேர்த்த வதிவிடப் பள்ளிகளின் கொடுமையை நினைவுகூர, செப்டம்பர் 30ஐ உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாகக் கனடிய மத்திய அரசு 2021இல் கொண்டுவந்தது. அதிலிருந்து செப்டம்பர் கடைசி வாரம் வந்தாலே, "தம்பி, ஒரு போஸ்டர் வேணும், நாளைக்கே" என்று அழைப்பு வந்துவிடும். நினைவுகூர வேண்டும் என்ற உங்கள் மனதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சுவரொட்டியில் என்ன போடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

அண்மையில் திருத்தித் தரும்படி ஒன்று என்னிடம் வந்தது. நடுவே இறகுத் தலையணியுடன் ஒரு முகம், மூலையில் வளையத்தில் நூல் பின்னிய கனவுவலை (dreamcatcher), பின்னால் உருவங்கள் செதுக்கிய டோட்டெம் மரத்தூண், அடியில் அடையாளமாக அடுக்கிவைக்கும் இனுக்சுக் கற்கள். தலையணி வட அமெரிக்கச் சமவெளிகளின் பூர்வகுடி மக்களுடையது. தூண் பசிபிக் கரையோரத்தது. இனுக்சுக் வடக்கே இனுயிட் மக்களுடையது. கனவுவலை மட்டுமே அனிஷினாபே மக்களிடமிருந்து வந்தது; இந்த மண்ணின் மிசிசாகா மக்கள் அவர்களில் ஒரு பிரிவினர். நம் மே 18 நினைவேந்தல் சுவரொட்டியில் யாரோ தாஜ்மகாலையும் கதகளி முகத்தையும் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

அந்தத் தூணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் செதுக்கியிருக்கும் காகமும் கழுகும் கரடியும் வெறும் அலங்காரம் இல்லை. ஹைடா, சிம்ஷியான் போன்ற பசிபிக் கரையோர மக்களிடையே அவை குலங்களுக்கும் குடும்பங்களுக்கும் உரிய சின்னங்கள். பரம்பரையாக வரும் அந்த உரிமையைப் பொட்லாச் என்னும், பரிசுகள் வழங்கும் சடங்கு விருந்தில் ஊரறியச் சொல்லி நிலைநாட்டுவார்கள். அந்தப் பொட்லாச்சையே கனடா 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தச் சடங்கின் முகமூடிகளைப் பறிமுதல் செய்தது. அப்படிப் பறிபோனவற்றின் சாயலை இணையத்தில் இலவசமாக இறக்கி நம் சின்னத்தின் பக்கத்தில் ஒட்டுவது எனக்குக் கூசுகிறது.

இந்த நாளில் அணியும் செம்மஞ்சள் சட்டையும் அப்படித்தான். 1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஆறு வயதுப் பூர்வகுடிச் சிறுமி ஃபிலிஸ் வெப்ஸ்டாட், தன் பாட்டி வாங்கித் தந்த செம்மஞ்சள் சட்டையோடு வதிவிடப் பள்ளிக்குப் போனார். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்தவர்கள் திருப்பித் தரவேயில்லை. ஒரு பிள்ளையின் நினைவிலிருந்து வந்த நிறம் அது. சட்டை வாங்குவதானால் அவர் தொடங்கிய ஒரேஞ் சேர்ட் சொசைட்டி அனுமதித்த விற்பனையாளரிடம் வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் போலிகள் வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? இந்த வேலையை என்னிடம் தராதீர்கள். ஒரு பூர்வகுடி வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். எனக்குத் தரும் கூலியைவிட ஒரு சதமும் குறையக் கூடாது. அவர் பெயர் சுவரொட்டியில் இருக்கட்டும். அவர் வேண்டாம் என்ற படத்தை நீக்குங்கள். கேட்காமல் அடுத்த ஆண்டும் அதையே அச்சடிக்காதீர்கள். தமிழ் எழுத்து வேலையை மட்டும், அவர் விரும்பினால், நான் காசில்லாமல் செய்து தருகிறேன்.

இதற்கெல்லாம் ஒரு வாரம் போதாது. ஜூன் மாதக் கூட்டத்திலேயே தொகை ஒதுக்கித் தீர்மானம் எடுங்கள்.

நன்றியுடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வடிவமைப்பாளன்